ஒரு குட்டிக் கோட்டுக்காக எட்டு ஞாயித்துக்கிழமை: பாண்டி கிராமர் கிளாஸ் ரிவ்யூ

மொதல்ல ரேட்டிங் சொல்லிடறேன், ஏன்னா நானே எந்த ரிவ்யூ வந்தாலும் ஸ்டார் எத்தனைன்னு பாத்துட்டுத்தான் மேல படிப்பேன். அஞ்சுக்கு மூணரை. பாடம் நடத்தறதுக்கு மட்டும்னா நாலரை குடுப்பேன், மிச்ச ஒரு மார்க்க எங்கெங்க புடிச்சேன்னு போகப் போக வரும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஃபிளெக்ஸ் டிசைன், பில் புக்கு, இதான் பொழப்பு. பதினெட்டு வருஷம் தமிழ் அடிச்சதுல ஒரு ஒத்து விட்டுப் போனாலும் கண்ணு தானா அங்க போய் நிக்கும். இங்கிலீஷ்னா அப்படி இல்ல, கஸ்டமர் என்ன எழுதிக் குடுக்கறாரோ அத அப்படியே அடிச்சுக் குடுத்துடுவேன், கேட்டா "நீங்க குடுத்ததுதானே சார்"னு சொல்லிக்கலாம். அந்த தைரியம்தான் போன வருஷம் காத்துல போச்சு.

பாண்டி ஒயிட் டவுன் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ், பேரு வேணாம், தப்பு என்னோடது. ஆயிரம் நோட்டீஸ், கலர், ஆர்ட் பேப்பர். வாட்ஸப்புல அவங்க அனுப்புன மேட்டர்ல "ஃபோர்-பெட் ரூம்ஸ்"னு இருந்துச்சு, ஃபோருக்கும் பெட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன கோடு. நான் என்ன நெனச்சேன்னா ஏதோ கை பட்டு மைனஸ் கீ விழுந்திருக்கு, அழகா இல்லையேன்னு எடுத்துட்டேன், "ஃபோர் பெட் ரூம்ஸ்"னு அடிச்சு பிரிண்டுக்கும் அனுப்பியாச்சு. அவங்ககிட்ட இருக்கறது ஒரு ரூமுக்கு நாலு கட்டில் போட்ட ரூமு. நோட்டீஸ பாத்துட்டு கும்பகோணத்துல இருந்து வந்த ஒரு குடும்பம் தனித்தனியா நாலு பெட்ரூம் இருக்கும்னு நம்பி பதினோரு பேரு மூட்டை முடிச்சோட வந்து எறங்கிட்டாங்க. ராத்திரி ஒம்போதரைக்கு எனக்கு ஃபோனு. ஆயிரம் நோட்டீஸும் திரும்பி வந்துச்சு, பேப்பர் பிரிண்ட் எல்லாம் சேத்து 6,500 ரூபா என் கைய விட்டுப் போச்சு.

பாண்டில காலேஜ் படிக்கற என் அக்கா பொண்ணுகிட்ட பொலம்பினேன். "மாமா, அது ஹைஃபன் மாமா, அத எடுத்தா அர்த்தமே மாறிடும், காம்பவுண்ட் அட்ஜெக்டிவ்னு ஸ்கூல்லயே வரும்ல"ன்னா. எங்க ஸ்கூல்ல வந்துச்சான்னு தெரியல, வந்திருந்தாலும் அன்னிக்கு நான் சில்வர் பீச்சுல இருந்திருப்பேன். அவதான் இந்த கிளாஸ புடிச்சுக் குடுத்தா. லாஸ்பேட்டைல ஒரு வீட்டு மாடி, காலேஜ்ல இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆன ஒரு சார், ஞாயித்துக்கிழமை காலைல பத்துல இருந்து பன்னெண்டு, எட்டு வாரம், 2,400 ரூபா.

ஞாயித்துக்கிழமை கடலூர்ல இருந்து பாண்டி பஸ் ஏறுனவங்களுக்குத் தெரியும், பாதி பஸ்ஸு பாண்டி எல்லைல சாராயக்கடைங்க இருக்கற கன்னியக்கோயில்லயே எறங்கிடும். மொத வாரம் கண்டக்டர் "எங்க சார் காலங்காத்தால"ன்னாரு, நான் "கிளாஸுக்கு"ன்னேன், பின் சீட்ல இருந்து ஒருத்தர் "நாங்களும் அதுக்குத்தான் தலைவா"ன்னு சொன்னதுல பஸ்ஸே சிரிச்சுது. எட்டு வாரமும் எனக்கு அந்த பேருதான்.

இடம் பத்தி. மொட்டை மாடில ஷீட் போட்ட ரூம், எழுதற பலகை வச்ச சேர் பதினாலு, ஒரே ஒரு ஃபேன். பேங்க் எக்ஸாம் எழுதற பசங்க ஏழு பேரு, வெளிநாடு போக இங்கிலீஷ் டெஸ்ட் எழுதற நர்ஸ் ஒருத்தங்க, புள்ளைக்கு ஹோம் ஒர்க் சொல்லித் தரணும்னு வந்த ரெண்டு அம்மாங்க, டூரிஸ்ட் கைடு ஒரு தம்பி, அப்புறம் நானு. மொத மூணு வாரம் டென்ஸ், ஆர்ட்டிகிள், பிரிப்போசிஷன், அதெல்லாம் எந்த கிளாஸ்லயும் கெடைக்கறதுதான், அதுக்காக பஸ் ஏற வேணாம்.

நாலாவது வாரம்தான் காசுக்கு வேலை பண்ணுச்சு.

சார் வந்தாரு, ஒண்ணும் பேசல, போர்டுல "ஸ்மால் ஃபிஷ் மார்க்கெட்"னு எழுதிட்டு சாக்பீஸ கீழ வச்சிட்டாரு. "இது எப்படிப்பட்ட மார்க்கெட்?" நான் கடலூர்காரன், மீன் மார்க்கெட்னதும் வாய் சும்மா இருக்குமா, "எங்க முதுநகர் துறைமுகம் மாதிரி பெருசு இல்ல சார், சின்ன மார்க்கெட்டு"ன்னேன். கைடு தம்பி "இல்லண்ணா, நெத்திலி, சூடை அந்த மாதிரி சின்ன மீன் விக்கற மார்க்கெட்டு"ன்னான். ரெண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் வாக்குவாதம். சார் அத ரசிச்சு பாத்துட்டு, "சரி, இத தமிழ்ல சொல்லுங்க"ன்னாரு. சின்ன மீன் மார்க்கெட். அட, தமிழ்லயும் அதே கொழப்பம்தான். "இப்ப நீ நெனச்சத வாயால சொல்லு"ன்னாரு என்ன பாத்து. நான் "சின்ன... மீன் மார்க்கெட்"னேன். தம்பி "சின்ன மீன்... மார்க்கெட்"னான். ரெண்டு பேரும் வேற வேற எடத்துல மூச்சு விட்டோம். "வாய்க்கு மூச்சு இருக்கு, பேப்பருக்கு ஏது? தம்பி சொன்ன அர்த்தம் வேணும்னா சின்னத்தையும் மீனையும் கட்டிப் போடணும்"னு சொல்லி ஸ்மாலுக்கும் ஃபிஷ்ஷுக்கும் நடுவுல அந்த குட்டிக் கோட்ட போட்டாரு. அந்த நிமிஷம் எனக்கு என் 6,500 ரூபா போர்டுல தெரிஞ்சுது.

இதுக்கு அவரு ஒரு சோதனை சொல்லிக் குடுத்தாரு, இத மட்டும் தெரிஞ்சுக்கிட்டா கூட போதும். ஒரு பேருச்சொல்லுக்கு முன்னாடி ரெண்டு வார்த்த வருதா, ஒவ்வொண்ணா தனியா அந்த பேருச்சொல்லோட ஒட்டிப் பாரு. "பிக் ரெட் பஸ்", பெரிய பஸ் சரி, செவப்பு பஸ்ஸும் சரி, ரெண்டும் தனித்தனியா நிக்குது, அதனால கோடு வேணாம். "ஃபோர்-பெட் ரூம்", ஃபோர் ரூம்னா நாலு ரூம்னு ஆயிடுது, பெட் ரூம்னா வேற எதோ ஆயிடுது, ரெண்டும் சேந்தாதான் ஒரு குணம், அப்ப கோடு வேணும். இந்த மாதிரி சேந்து ஒரே அட்ஜெக்டிவ் வேலை பாக்கறதுக்குத்தான் காம்பவுண்ட் அட்ஜெக்டிவ்னு பேராம்.

அடுத்தது எஸ் விஷயம். இங்கதான் நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேரு விழறோம், நான் அடிச்ச டூர் நோட்டீஸ எல்லாம் நெனச்சா இப்பவும் கூச்சமா இருக்கு. "த்ரீ டேஸ் டூர்", "டென் ருபீஸ் நோட்", "டூ பெட்ரூம்ஸ் ஃபிளாட்". மூணு நாள், நாள் நெறைய இருக்கு, அப்ப எஸ் போடணும்லன்னு தோணும். சார் கேட்டாரு, "நாலு மாடி வீடுன்னு சொல்லுவியா, நாலு மாடிகள் வீடுன்னு சொல்லுவியா? பத்து ரூபா நோட்டா, பத்து ரூபாய்கள் நோட்டா?" அவ்ளோதான், கிளாஸே அமைதி. தமிழ்ல நம்ம வாய் தப்பே பண்ணாது, அதையே இங்கிலீஷ்ல பண்ணா "த்ரீ-டே டூர்", "டென்-ருபீ நோட்", "டூ-பெட்ரூம் ஃபிளாட்". முன்னாடி போய் இன்னொரு பேர வர்ணிக்க ஆரம்பிச்சதும் அந்த எஸ் கழண்டுடும். பின்னாடி தனியா வந்தா எஸ் திரும்பி வந்துடும், கோடு போயிடும், "தி டூர் இஸ் ஃபார் த்ரீ டேஸ்". வயசும் அப்படித்தான், "எ செவன்-இயர்-ஓல்ட் கேர்ள்"னா ரெண்டு கோடு, "ஷி இஸ் செவன் இயர்ஸ் ஓல்ட்"னா ஒண்ணுமே இல்ல.

நர்ஸம்மா விடல. "சார், பயோடேட்டால டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்னு போடறோமே, அது?" நல்ல கேள்வி. அங்க ரெண்டு வருஷத்தோட அனுபவம்னு அர்த்தம், அதனால இயர்ஸ் எழுதி எஸ்ஸுக்கு அப்புறம் மேல கமா மாதிரி ஒரு அப்பாஸ்ட்ரஃபி, ஆனா "டூ-இயர் கோர்ஸ்"னா கோடுன்னாரு. "டென் மினிட்ஸ் வாக்"கும் அதே கதை, ஒண்ணு மினிட்ஸுக்கு மேல அப்பாஸ்ட்ரஃபி, இல்லன்னா "டென்-மினிட் வாக்"னு கோடு, ரெண்டுல எதுவும் சரி. ரெண்டும் இல்லாம விடறதுதான் தப்பு. பீச் ரோட்ல நடந்தா ஹோட்டல் போர்டு பாதி அந்த மூணாவது ரகம்தான், இப்ப எனக்கு கண்ணுல முள்ளு மாதிரி குத்துது, வீட்டம்மா கூட நிம்மதியா வாக்கிங் போக முடியல.

நாலாவது வாரம் முடிஞ்சதும் எனக்கு தலை கால் புரியல. அந்த வாரம் தெரிஞ்ச ஒருத்தரு ஓட்டலுக்கு மெனு கார்டு அடிக்க வந்தாரு, நான் பாத்த எடத்துல எல்லாம் கோடு. "சவுத்-இந்தியன் மீல்ஸ்", "ஃப்ரெஷ்லி-ஸ்க்வீஸ்ட் ஜூஸ்", "ஐஸ்-கிரீம் பார்லர்", சிக்கன் 65-க்கு கூட கோடு போட்டு வச்சிருந்தேன். நல்லவேளை பிரிண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சாவது வாரம் எடுத்துட்டு போய் சார்கிட்ட காட்டினேன். செவப்பு பேனாவ எடுத்தாரு பாருங்க, அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு என் மெனு கார்டு. ஆனா ஒவ்வொரு சுழிக்கும் காரணம் சொன்னாரு, அதுக்குத்தான் மார்க்கு.

"லி"ன்னு முடியற ஆட்வெர்ப், ஃப்ரெஷ்லி, நியூலி, ஹைலி இதெல்லாம் வந்தா கோடு போடக்கூடாது, ஏன்னா அந்த "லி"யே அடுத்த வார்த்தையதான் நான் சொல்றேன்னு கை காட்டிடுது, யாரும் தப்பா படிக்க மாட்டாங்க. நான் உடனே "அப்ப ஃபேமிலி-ஓன்ட் ரெஸ்டாரண்ட்னு போட்டிருக்கனே, ஃபேமிலியும் "லி"லதான முடியுது"ன்னு மடக்குனேன். மடங்கல. ஃபேமிலிங்கறது பேருச்சொல், ஆட்வெர்ப் இல்ல, அதனால அங்க கோடு இருக்கணும், எர்லி-மார்னிங் டிரெயின்ல எர்லியும் அப்படித்தான், அது அங்க அட்ஜெக்டிவ். சத்தத்த வச்சு முடிவு பண்ணாத, வேலைய வச்சு முடிவு பண்ணுன்னாரு. சவுத் இந்தியன் மாதிரி பெரிய எழுத்துல ஆரம்பிக்கற ஊரு பேருக்கு கோடு வேணாம், பெரிய எழுத்தே அத சேத்துக் கட்டிடுது. ஐஸ் கிரீம் பார்லர், ஹை ஸ்கூல் ஸ்டூடண்ட், இதெல்லாம் ஊருக்கே பழகுன ஜோடி, கோடு இல்லன்னாலும் யாரும் ஐஸால கட்டுன கிரீம் பார்லர்னு நெனைக்கப் போறதில்ல. வெல்-நோன் ஷாப்னா கோடு, தி ஷாப் இஸ் வெல் நோன்னா வேணாம். செக்-இன் டைம்னா கோடு, வந்து செக் இன் பண்ணுங்கன்னு வினையா சொன்னா கோடு கெடையாது. இது கெஸ்ட் ஹவுஸ் மேட்டர் அடிக்கற எனக்கு தங்கம்.

பக்கத்து சேர்ல இருந்த அம்மா சின்ன வயசுல பிரெஞ்சு ஸ்கூல்ல படிச்சவங்க. "ஒயிட் டவுன நாங்க வில் பிளான்ஷ்னு படிச்சோம், ஊரு முன்னாடி, வெள்ளை பின்னாடி, முன்னாடி இத்தன பேரு வரிசை கட்டுனா இந்த தொல்லைதான்"னாங்க. சார் சிரிச்சாரு, பதில் சொல்லல.

இப்ப கொறச்சலுக்கு வருவோம். பத்து மணின்னா பத்து இருவத்தஞ்சுக்குத்தான் ஆரம்பிக்கும், எட்டு வாரத்துல ஒரு நாள் கூட பத்துக்கு ஆரம்பிக்கல. கடலூர்ல இருந்து வர்றவன் எட்டரைக்கு வீட்ட விட்டு கெளம்பறான்னு யோசிக்கணும்ல.

பெரிய கொறை நோட்ஸு. முப்பது பக்கம் ஜெராக்ஸ் குடுக்கறாங்க, அத யாரு டைப் பண்ணாங்களோ, ரெண்டு பக்கமும் சமமா வரணும்னு ஜஸ்டிஃபை போட்டு ஆட்டோ ஹைஃபன் ஆன் பண்ணி விட்டிருக்காங்க. அதனால லைன் முடியற எடத்துல எல்லாம் வார்த்த ஒடஞ்சு ஒரு கோடு. மத்த பாடத்துக்கு பரவால்ல, ஹைஃபன் பாடத்துக்கு? "வெல்-"னு ஒரு லைன் முடியுது, "நோன்" அடுத்த லைன்ல ஆரம்பிக்குது, அது கிராமர் கோடா, எடம் பத்தாத கோடா, எப்படி கண்டுபிடிக்கறது? பேங்க் எக்ஸாம் பையன் ஒருத்தன் "டெலி-வரி"ன்னு கோடு போட்டு ஹோம் ஒர்க் எழுதிட்டு வந்தான், அவன சொல்லி குத்தமில்ல. நான் சார்கிட்ட நானே சும்மா அடிச்சுத் தரேன்னு சொன்னேன். ஆட்டோவ ஆஃப் பண்ணிட்டு, ஒடையக்கூடாத எடத்துல வேர்டுல கண்ட்ரோல் ஷிஃப்ட் ஹைஃபன் அடிச்சா அந்த ஜோடி பிரியாம ஒரே லைன்லயே நிக்கும், அந்த ஒரு விஷயத்துல நான் அவருக்கு வாத்தியார் ஆனேன். அடுத்த பேட்ச்சுக்கு புது நோட்ஸ் குடுக்கறதா சொல்லியிருக்காரு, குடுத்தா இந்த பாராவ எடுத்துடறேன்.

இன்னொண்ணு, சாருக்கு கதை சொல்ற வியாதி. 1962ல ஒரு ஹைஃபன் விட்டதால அமெரிக்கா ராக்கெட்டே வெடிச்சுதுன்னு கண்ணால பாத்த மாதிரி சொன்னாரு. பசங்க வாய பொளந்து கேட்டாங்க. வீட்டுக்கு வந்து அக்கா பொண்ணுகிட்ட சொன்னேன், அவ தேடிட்டு, "மாமா, மரைனர் 1, அந்த வருஷம் ஜூலை 22, வீனஸுக்கு போக வேண்டியது, கெளம்பி அஞ்சு நிமிஷத்துக்குள்ள வழி தப்புனதால அவங்களே வெடிக்க வச்சிட்டாங்க, ஹைஃபன்னு பேப்பர்ல போட்டது நெஜம், ஆனா விட்டுப் போனது ஃபார்முலால எழுத்துக்கு மேல போடற கோடுன்னு விளக்கம் இருக்கு"ன்னா. கோடு கோடுதான், ஆனா நடுவுல போடறது வேற, தலைக்கு மேல போடறது வேற, ஹைஃபன் சொல்லித் தர்றவரு அத கலக்கலாமா?

அப்புறம் எந்த டிக்‌ஷனரிய நம்பறதுன்னு கேட்டா மழுப்பறாரு. அவரு வச்சிருக்கறது அட்டை கிழிஞ்ச பழைய ஒண்ணு, அதுல ஐஸ் கிரீமுக்கே நடுவுல கோடு. 2007ல ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு டிக்‌ஷனரி ஆறாவது பதிப்பு போட்டப்ப கிட்டத்தட்ட 16,000 ஹைஃபன எடுத்துட்டாங்க. ஐஸ் கிரீம் ரெண்டு வார்த்தையா பிரிஞ்சுது, பம்பிள்பீ, பிஜன்ஹோல் எல்லாம் ஒட்டி ஒரே வார்த்த ஆச்சு. அதெல்லாம் பேருச்சொல் கணக்கு, பேருக்கு முன்னாடி போடற கோடு இன்னும் அப்படியே இருக்கு. இத அவரே சொல்லியிருந்தா நாலு பேருக்கு கொழப்பம் தீந்திருக்கும், நானா படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியதாச்சு. வாட்ஸப்புல டவுட் அனுப்பினா ப்ளூ டிக் வரும், பதில் வராது. பைக் வைக்க எடம் இருக்கு. ரசீது கேட்டு வாங்கிக்குங்க, தானா தர மாட்டாங்க.

ஏழாவது வாரம் அந்த கெஸ்ட் ஹவுஸுக்கே திரும்பப் போனேன். போன காச கேக்கல, புது நோட்டீஸ் பேப்பர் வெலைக்கே அடிச்சுத் தரேன்னு சொன்னேன். இப்ப ரெண்டு கட்டில் ரூமும் போட்டிருக்காங்களாம், அதையும் சேக்கணும்னாங்க. கடைக்கு வந்து "டூ- அண்ட் ஃபோர்-பெட் ரூம்ஸ்"னு அடிச்சு ப்ரூஃப் அனுப்பினேன், டூவுக்கு அப்புறம் கோடு மட்டும் தனியா தொங்கும், பெட் ரெண்டுக்கும் பொதுவா கடைசில வரும், அதான் மொறை. அஞ்சு நிமிஷத்துல ஓனர் ஃபோன். "தம்பி, டூ பக்கத்துல ஒரு கோடு சும்மா தொங்குது பாருங்க, கை பட்டு விழுந்திருக்கும், எடுத்துடுங்க."

எடுக்க முடியாது சார்னேன். பதினெட்டு வருஷத்துல கஸ்டமர்கிட்ட அப்படி சொன்னது அதான் மொத தடவ. யாரையோ கேட்டுட்டு சொல்றேன்னு வச்சாரு. மறுநாள் காலைல "ஓகே பிரிண்ட்"னு மெசேஜ் வந்துச்சு.

அடுத்த பேட்ச் பொங்கல் கழிச்சு ஆரம்பிக்கறாங்களாம். போறவங்க ரெண்டாவது வரிசைல ஃபேனுக்கு நேர் கீழ இருக்கற சேர புடிச்சுக்குங்க, மொத வரிசைல ஒக்காந்தா போர்டுக்கு கூப்புடுவாரு, கடைசி வரிசைக்கு காத்து வராது.